எட்டுப் பாட்டு, ஒரு சுற்று டிஸ்க்: பெங்களூர் இசை வட்டம் ஒன்றில் நடந்தது

2009 நவம்பரிலிருந்து 2011 கடைசி வரை எங்கள் இசை வட்டத்துக்குள் நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். யாருடைய பெயரும் இதில் இல்லை. தொகைகள் நான் வைத்திருந்த கணக்கு நோட்டில் உள்ளவை. சம்பந்தப்பட்ட பாடகி முழுவதும் படித்துப் பார்த்து, எழுதலாம் என்று சொன்ன பிறகுதான் எழுதுகிறேன். அந்த வட்டத்தில் வரவு செலவைப் பார்த்தவன் நான். நடந்ததில் எனக்கும் பங்கு உண்டு.

பின்னணி

அல்சூரில் ஒரு உறுப்பினர் வீட்டு மாடியில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுவோம். மொத்தம் 23 பேர். ஐ.டி.ஐ. (தொலைபேசி ஆலை), எச்.ஏ.எல். (விமான ஆலை) போன்ற பொதுத்துறை ஆலைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள்தான் அதிகம். கணினிக் கம்பெனிகளில் வேலை செய்பவர்கள் சிலர், இரண்டு ஆசிரியைகள், ஒரு வக்கீல், மர்ஃபி டவுனில் தையல் கடை வைத்திருக்கும் ஒரு அக்கா, மூன்று கல்லூரி மாணவர்கள். யாராவது ஒருவர் ஒரு ராகத்தையோ ஒரு இசையமைப்பாளரையோ எடுத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் பாட்டுப் போட்டுப் பேசுவார். அப்புறம் காபி, சுண்டல்.

பாட்டு கைமாறுவது எங்களுக்குப் புதிதில்லை. பெரியவர்கள் கேசட் காலத்திலிருந்தே பழகியவர்கள். வெற்றுக் கேசட் வாங்கிக்கொண்டு, பக்கத்துக்கு எத்தனை பாட்டு பிடிக்கும் என்று கணக்குப் போட்டு, தாளில் பட்டியல் எழுதி ரெக்கார்டிங் சென்டரில் கொடுத்துவிட்டு வருவார்கள். 60 நிமிடக் கேசட் என்றால் ஒரு பக்கத்துக்கு ஆறு பாட்டு, இடம் மிஞ்சினால் ஏழு. நான்கு நாள் கழித்துப் போய் வாங்கிக்கொள்ள வேண்டும்.

2005-ல் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் வந்த பிறகு வேகம் மாறிவிட்டது. இரவு 2 மணியிலிருந்து காலை 8 வரை எவ்வளவு இறக்கினாலும் கணக்கில் சேராது என்று ஒரு திட்டம் இருந்தது. 256 கே.பி.பி.எஸ். இணைப்பில் அந்த ஆறு மணி நேரத்தில் ஏறக்குறைய 690 எம்.பி. இறங்கும், அதாவது ஒரு சி.டி. நிறைய. எம்.பி.3 பாட்டு 128 கே.பி.பி.எஸ். தரத்தில் நிமிடத்துக்குச் சுமார் ஒரு எம்.பி. என்பதால், ஒரே இரவில் 11 மணி நேரத்துக்கு மேல் பாட்டு வந்துவிடும். எங்களில் நாலைந்து பேர் அலாரம் வைத்து எழுந்து இறக்கினார்கள்.

2008-ல் ஆளுக்கு 250 ரூபாய் போட்டு 500 ஜி.பி. ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கினோம். கணினிக் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் பேரம் பேசி வாங்கி வந்தவன் நான்தான். அதற்குச் சுற்று டிஸ்க் என்று பெயர் வந்தது. ஒருவர் வீட்டில் இரண்டு வாரம் இருக்கும். தன்னிடம் இருப்பதைப் போடலாம், வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். வேறு விதிமுறை எதுவும் இல்லை. அன்றைக்கு யாருக்கும் அது குறையாகத் தோன்றவில்லை.

ஆல்பம்

வட்டத்தில் இருந்த ஆசிரியைகளில் ஒருவர் நன்றாகப் பாடுவார். கீபோர்டு வாசிக்கும் இன்னொரு உறுப்பினரோடு சேர்ந்து, சித்தர் பாடல்கள் எட்டைத் தேர்ந்தெடுத்துப் புதிதாக மெட்டமைத்தார். பல நூற்றாண்டு பழைய பாடல்கள் என்பதால் வரிகளுக்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை என்பதும் ஒரு காரணம்.

செலவு இப்படி: ஸ்டுடியோ மணிக்கு 500 வீதம் 60 மணி நேரம், 30,000. புல்லாங்குழல், வயலின், தபலாக் கலைஞர்களுக்கு 24,000. மிக்ஸிங், மாஸ்டரிங் 18,000. அட்டை வடிவமைப்பு 4,000. பெட்டியும் பாட்டுவரித் தாளும் சேர்த்து 1,000 சி.டி. அச்சடிக்க 22,000. மொத்தம் 98,000 ரூபாய். கீபோர்டுக்காரர் தன் போனஸிலிருந்து 40,000 போட்டார். மீதி 58,000 டீச்சர் சீட்டு எடுத்த பணம்.

விலை 150 என்று வைத்தார்கள். தமிழ்ப் படச் சி.டி. அப்போது நூறு ரூபாய் வாக்கில் கிடைத்துக்கொண்டிருந்தது, அதனால் 150 அதிகம் என்று வட்டத்துக்குள்ளேயே முணுமுணுப்பு எழுந்தது. மோசர் பேயர் என்ற கம்பெனி 2007-ல் முழுப்படத்தையே வி.சி.டி.யில் 28 ரூபாய்க்கும் டி.வி.டி.யில் 34 ரூபாய்க்கும் கொண்டுவந்திருந்தது. "படமே 28 ரூபாய், எட்டுப் பாட்டு 150-ஆ?" என்று ஒருவர் கேட்டார். பல ஆயிரம் பிரதி போகும் பழைய படத்தையும், ஆயிரமே அச்சடித்த புதுக் குரலையும் ஒரே தராசில் வைக்க முடியாது என்று அன்றே யாராவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

நவம்பர் வெளியீட்டன்று 118 சி.டி. விற்றது. எங்கள் 23 பேரில் அன்று வாங்கியவர்கள் ஒன்பது பேர்.

கண்டது

2010 ஜனவரி கடைசியில், தைப்பூசத்தன்று, டீச்சரின் அம்மா கோவிலுக்குப் போய்விட்டு வாசலில் நடைபாதைக் கடை ஒன்றில் எம்.பி.3 சி.டி. வாங்கி வந்தார். 120 பக்திப் பாடல்கள், 30 ரூபாய். வீட்டில் போட்டுக் கேட்டபோது 70-வது பாட்டைத் தாண்டியதும் மகளின் குரல். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "உன் பாட்டு கோவில் வாசல் வரைக்கும் வந்துருச்சுடி" என்று பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டுச் சொல்லியிருக்கிறார்.

எட்டுப் பாட்டும் அதில் இருந்தன. ஆறாவதும் ஏழாவதும் இடம் மாறியிருந்தன. கோப்புப் பெயர்களில் 'சித்தர்' என்பது 'சிதர்' என்று இருந்தது. சுற்று டிஸ்கிலும் இந்த ஆல்பத்தை யாரோ ஒரு ஃபோல்டரில் போட்டிருந்தார்கள், அதிலும் இதே வரிசை, இதே பிழை. டிஸ்க் அந்த நேரம் என் வீட்டில் இருந்ததால் நானே ஒப்பிட்டுப் பார்த்தேன்.

போட்டவர் கல்லூரி மாணவர்களில் ஒருவர், 19 வயது. வெளியீட்டன்று சி.டி. வாங்கிய ஒன்பது பேரில் அவரும் உண்டு. புது ஆல்பம் என்பதால் கணினி பாட்டுப் பெயர்களைத் தானாக எடுத்துத் தரவில்லை. கையால் தட்டியபோது வந்த பிழை அது. சுற்று டிஸ்கில் போட்டார், விடுதி நண்பனுக்கும் கொடுத்தார். அந்த நண்பன் ஒரு பாட்டிறக்கத் தளத்தில் ஏற்றிவிட்டான். அங்கிருந்து நடைபாதைச் சி.டி.க்கு யார் எடுத்தார்கள் என்பதை எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை.

மார்ச் வரை விற்ற கணக்கு: வெளியீட்டில் 118, இரண்டு கடைகள் மூலம் 94. கடைக்காரர் கழிவு 40 சதவீதம் போக ஒரு சி.டி.க்கு 90 ரூபாய் கைக்கு வந்தது. மொத்த வரவு 26,160.

முதல் கூட்டம்

பிப்ரவரிக் கூட்டத்தில் அன்றைய ராகத்தை ஒதுக்கிவிட்டு இதைப் பேசினோம். மாணவரை நீக்க வேண்டும் என்று இரண்டு பேர் சொன்னார்கள். அவர் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். "நாலு பேர் கேட்கட்டும்னுதான் போட்டேன் டீச்சர்" என்றார். நான் அதை நம்பினேன். அந்தப் பாட்டுகளை அவரைப் போல விரும்பிக் கேட்டவர்கள் எங்களில் குறைவு.

நீக்க வேண்டாம் என்று முடிவானது. அதற்குக் காரணம் இரக்கம் மட்டும் இல்லை. டிஸ்கிலிருந்து அந்த ஃபோல்டரை எடுத்துக்கொண்டவர்கள் யார் யார் என்று கேட்டபோது, ஒவ்வொன்றாக 14 கைகள் உயர்ந்தன. காசு கொடுத்து வாங்கியவரை, வாங்காமல் எடுத்துக்கொண்டவர்கள் சேர்ந்து வெளியேற்றுவது நியாயமாக இருந்திருக்காது.

வக்கீல் சட்டத்தை விளக்கினார். அரசு அலுவலகத்தில் பதிவு செய்யாவிட்டாலும் பதிப்புரிமை உண்டு. 1957-ம் வருடச் சட்டத்தின் 63-வது பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதமும் இருக்கின்றன. சொந்த உபயோகத்துக்குச் சட்டம் கொஞ்சம் இடம் கொடுக்கிறது. 23 வீடு சுற்றும் டிஸ்கை அதற்குள் அடைக்க முடியாது. போலீசில் புகார் கொடுப்பதானால் எழுதித் தருகிறேன் என்றார். டீச்சர் வேண்டாம் என்றுவிட்டார். "கேஸ் போட்டா முதல்ல மாட்டுறது இந்தப் பையனும் அந்த நடைபாதைக்காரரும்தான். அவங்களை உள்ளே தள்ளிட்டு நான் என்ன பாட்டுப் பாடுறது?" தளத்துக்கு மட்டும் வக்கீல் மின்னஞ்சலில் நோட்டீஸ் அனுப்பினார். பத்து நாளில் எடுத்துவிட்டார்கள். அடுத்த மாதம் வேறொரு தளத்தில் வந்துவிட்டது.

ஆளுக்கு ஆள் கேட்டது

ஏன் வாங்கவில்லை, எவ்வளவென்றால் வாங்குவீர்கள், பாட்டுக்காக வருடத்தில் என்னென்ன செலவு செய்கிறீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்பது என்று தீர்மானித்தோம். 19 பேர் பதில் சொன்னார்கள். இந்த அனுபவத்தில் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது அந்த இரண்டு வாரங்கள்தான்.

விலை அதிகம் என்று எடுத்த எடுப்பில் எல்லாரும் சொன்னார்கள். இன்னும் கொஞ்சம் பேசினால் வேறு வேறு விஷயம் வெளியே வந்தது. தூரவாணி நகரில் இருக்கும் பெரியவர் ஒருவருக்கு 'திருட்டு' என்ற சொல்லே வருத்தமாக இருந்தது. "நாங்க சும்மா எடுக்கலை சார். ரெக்கார்டிங் சென்டர்ல காசு குடுத்துத்தான் பதிவு பண்ணினோம்" என்றார்.

தையல் கடை அக்கா சொன்னதை நோட்டில் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். "நான் காசு குடுத்துத்தானே தம்பி ஏத்துறேன்? மாசம் ரெண்டு தடவை, தடவைக்கு இருபது ரூபா." அவர் வீட்டில் சி.டி. பிளேயரே கிடையாது. பக்கத்து மொபைல் கடையில் மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக்கொள்வார், தைத்துக்கொண்டே கேட்பார். வருடத்துக்கு 480 ரூபாய், அதாவது மூன்று ஆல்பத்தின் விலைக்கு மேல். டீச்சருக்கும் அதிலிருந்து ஏதோ போகிறது என்றே அவர் நினைத்திருந்தார். இல்லை என்று நான் சொன்னபோது கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார்.

கம்பெனியில் வேலை பார்க்கும் பெண் ஒருவருக்கு எட்டில் இரண்டு பாட்டுதான் பிடித்தது. அந்த இரண்டுக்கு முப்பது ரூபாய் தரத் தயார், ஆனால் எங்கே தருவது என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆப்பிளின் ஐட்யூன்ஸ் கடை இந்தியாவுக்கு வந்தது 2012 டிசம்பரில்தான்.

படப் பாட்டைப் பொறுத்தவரை வேறொரு வாதம் வந்தது. "கேசட் வாங்கினாலும் பாட்டுப் போட்டவருக்கா போகுது?" இதில் உண்மை இருக்கிறது என்று வக்கீலே ஒப்புக்கொண்டார். படத்துக்காக அமைத்த இசைக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், தயாரிப்பாளர்தான் முதல் உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 1977-லேயே சொல்லிவிட்டது. இசையமைப்பாளரும் பாடலாசிரியரும் ராயல்டியில் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்க முடியாதபடி சட்டம் மாறியது 2012-ல். ஆனால் அந்த வாதம் டீச்சருக்குப் பொருந்தாது. அவருக்கும் எங்களுக்கும் இடையில் எந்தத் தயாரிப்பாளரும் இல்லை. படப் பாட்டைப் பற்றி வைத்திருந்த ஒரு நியாயத்தை, எங்களோடு சுண்டல் சாப்பிடும் ஒருவர் மேல் யோசிக்காமல் ஏற்றிவிட்டோம்.

விலை இருபதென்றாலும் வாங்க மாட்டேன், இலவசமாகக் கிடைக்கும்போது ஏன் கொடுக்க வேண்டும் என்று நேராகச் சொன்னவர்கள் இரண்டு பேர். மறைக்காமல் சொன்னதற்கு அவர்களுக்கு நன்றி.

கடைசியில் கூட்டிப் பார்த்தேன். வெற்றுச் சி.டி., மெமரி கார்டில் ஏற்றும் கூலி, நடைபாதை எம்.பி.3, டிஸ்குக்குப் போட்ட பங்கு எல்லாம் சேர்த்து, பிராட்பேண்ட் கட்டணம் இல்லாமலே, 19 பேரும் வருடத்துக்கு 15,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல் செலவழித்திருந்தோம். முறையாக வாங்கிய ஆல்பங்களுக்குப் போனது 6,000-க்கும் குறைவு. இந்தக் கணக்கைப் பார்க்கும் வரை, எங்களுக்குக் காசு கொடுக்க மனமில்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். காசு போய்க்கொண்டுதான் இருந்தது, பாடியவர் வீட்டு வழியாகப் போகவில்லை.

எடுத்த முடிவுகள்

முதலில், டிஸ்கிலிருந்து எடுத்துக்கொண்ட 14 பேரும் டீச்சருக்குப் பணம் கொடுப்பது. எவ்வளவு என்று அவரிடமே கேட்டோம். கடையில் விற்றால் எனக்கு 90 வரும், சி.டி. அச்சுக்கூலி 22 போனால் 68, நீங்கள் 60 கொடுங்கள் என்றார். 12 பேர் அறுபது அறுபதாகக் கொடுத்தார்கள், இரண்டு பேர் ஐந்நூறு கொடுத்தார்கள். 1,720 ரூபாய்.

அடுத்தது டிஸ்க். கடையில் கிடைக்கும் எதுவும் இனி அதில் இருக்காது என்பதில் எல்லாருக்கும் சம்மதம். எங்கேயும் கிடைக்காத பழைய பட இசைத்தட்டுகளை என்ன செய்வது என்பதில்தான் இழுபறி. கிடைக்கவில்லை என்பதாலேயே உரிமை போய்விடாது என்றார் வக்கீல். ஒலிப்பதிவுக்கு 60 வருடம், அதுவும் வெளியானதற்கு அடுத்த வருடத் தொடக்கத்திலிருந்து எண்ண வேண்டும். 2010 கணக்கில் 1949 வரை வெளியான தட்டுகளின் ஒலிப்பதிவு உரிமைதான் முடிந்திருந்தது. அதிலும் பாட்டெழுதியவர், மெட்டமைத்தவர் உரிமை தனி. அது அவர்கள் காலத்துக்குப் பின் 60 வருடம். அப்படிப் பார்த்தால் டிஸ்கில் மிஞ்சுவது ஒரு சின்ன ஃபோல்டர். வாக்கெடுத்தோம். பழையவற்றை வைத்துக்கொள்வது என்று 12-க்கு 7-ல் முடிவானது. வக்கீல் அன்றிலிருந்து டிஸ்கைத் தொடவில்லை. நான் வைத்துக்கொள்ளும் பக்கம் வாக்களித்தேன். சட்டப்படி அவர் சொன்னதுதான் சரி. அந்தக் குரல்கள் யாருடைய பரணிலோ பூஞ்சை பிடித்துப் போகட்டும் என்று விட எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாவது யோசனை தையல் கடை அக்காவுடையது. அவர் பாட்டு ஏற்றும் மொபைல் கடைக்காரரிடம் டீச்சரை அழைத்துப் போனார். எட்டுப் பாட்டும் ஏற்ற 25 ரூபாய், கடைக்கு 10, டீச்சருக்கு 15. கடையில் ஒரு நோட்டு, ஒவ்வொரு ஏற்றத்துக்கும் ஒரு கோடு. இரண்டு பேரும் வாய்வார்த்தையாகப் பேசிக்கொண்டது இவ்வளவுதான்.

பின்னர் நடந்தது

மொபைல் கடை நான்கு மாதம் நன்றாகப் போனது. 131 ஏற்றம், 1,965 ரூபாய். கடைக்காரர் மாதாமாதம் நோட்டைக் காட்டிக் கணக்கு முடித்தார். அப்புறம் கடையில் புதிதாகச் சேர்ந்த பையன், விஷயம் தெரியாமல், இந்த எட்டையும் பொதுப் பக்திப் பாட்டுகளோடு சேர்த்து இருபது ரூபாய்க்கு ஏற்ற ஆரம்பித்தான். கோடுகள் நின்றன. கடைக்காரர் வந்து மன்னிப்புக் கேட்டார்.

நாங்கள் எதிர்பாராத வரவு கச்சேரியில் வந்தது. 2010 ஆகஸ்டிலிருந்து 2011 டிசம்பருக்குள் டீச்சர் ஐந்து இடங்களில் பாடினார், அதில் ஒன்று ஓசூரில். வாசலில் ஒரு மேஜை போட்டு சி.டி.யை 100 ரூபாய்க்கு வைத்தோம். ஐந்து நாளில் 243 விற்றது, 24,300 ரூபாய். ஓசூரில் ஒருவர், போனில் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன், அதனால்தான் வந்தேன் என்று சொல்லி மூன்று சி.டி. வாங்கினார். கோப்பு பரவியதால்தானே கூட்டம் வந்தது என்று எங்களில் சிலர் உடனே பிடித்துக்கொண்டார்கள். எனக்கு அது அவ்வளவு தெளிவாக இல்லை. பரவியதால் வந்தவர்கள் எத்தனை பேர், பரவியதால் வாங்காமல் போனவர்கள் எத்தனை பேர் என்று பிரித்துச் சொல்ல எங்களிடம் கணக்கு இல்லை.

2011 கடைசியில் மொத்த வரவு 54,145. செலவு 98,000. நஷ்டம் 43,855. ஐந்நூறுக்கும் மேல் சி.டி.கள் டீச்சர் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் அட்டைப் பெட்டிகளில் இருந்தன. கீபோர்டுக்காரர் தன் பங்கைத் திரும்பக் கேட்கவில்லை, ஆனால் அடுத்த ஆல்பத்துக்கு வரவும் இல்லை. டீச்சர் சீட்டுப் பணத்தைத் தவணையாகக் கட்டி முடிக்க இன்னும் ஒரு வருடம் ஆனது.

பாட்டை ஒவ்வொன்றாக வாங்கும் வழி எங்கள் ஊரிலேயே ஒருமுறை திறந்தது. ஃபிளிப்கார்ட் 2012 பிப்ரவரியில் ஃபிளைட் என்ற பாட்டுக் கடையைத் தொடங்கியது. முப்பது ரூபாயை எங்கே தருவது என்று கேட்ட பெண் முதல் வாரமே பாட்டு வாங்கி, ரசீதை எனக்கு அனுப்பினார். 2013 ஜூனில் அது மூடப்பட்டது.

இப்போது செய்வதானால்

ஆயிரம் அச்சடிக்கச் சொல்ல மாட்டேன். முந்நூறு போதும், ஒரு சி.டி.க்கு அடக்கம் கூடும், ஆனால் கட்டிலுக்கு அடியில் பணம் முடங்காது. வெளியீட்டு மேஜையிலேயே ஒரு லேப்டாப்பும் கார்டு ரீடரும் வைத்து, சி.டி. பிளேயர் இல்லாதவர்களுக்கு நாற்பது ரூபாய்க்குப் பாட்டை ஏற்றிக் கொடுப்பேன். அக்காவைப் போன்றவர்கள் அன்று மண்டபத்தில் பலர் இருந்தார்கள். கச்சேரியை எட்டு மாதம் தள்ளிப்போடாமல் அடுத்த மாதமே வைக்கச் சொல்வேன். டிஸ்கில் எதையும் போடுமுன், பாடியவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால், அவரைக் கேட்க வேண்டும் என்ற விதியை முதல் நாளே எழுதியிருப்பேன்.

இன்னொன்று எனக்கு மட்டும் உரியது. அந்த ஃபோல்டரை டிஸ்கில் நான் முதலில் பார்த்தது 2009 டிசம்பரில். என்னிடம் சி.டி. இருந்தது, இருந்தும், கணினியில் கேட்க வசதியாக இருக்குமென்று அதிலிருந்து எடுத்துக்கொண்டேன். அந்த மாதக் கூட்டத்தில் டீச்சர் எனக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். விற்பனை எப்படிப் போகிறது என்று விசாரித்தேன், டிஸ்கைப் பற்றிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கோவில் வாசலுக்குப் போயிருக்காது என்று சொல்ல முடியாது. ஆனால் அம்மா சந்தோஷமாக வாங்கி வந்த முப்பது ரூபாய்ச் சி.டி.யிலிருந்து டீச்சர் அதைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்திருக்காது.